இடது கைத் தமனியில் 85 சதவீதச் சுருக்கம்: ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டுமா?

கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 58. பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். இடது கைப் பழக்கம் உடையவன். கடந்த ஓராண்டாகப் பலகையின் மேல்பகுதியில் நான்கைந்து வரிகள் எழுதி முடிப்பதற்குள் இடது கை ஈயக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டாற்போல் கனத்துப்போகிறது. கையைத் தாழ்த்தி ஓரிரு நிமிடம் நின்றால் சரியாகிவிடும். திரும்ப எழுதத் தொடங்கினால் திரும்பவும் கனக்கும். தோள்மூட்டுத் தேய்மானம் என்று நினைத்து களிம்பு, ஒத்தடம், பயிற்சி எல்லாம் செய்து பார்த்தாயிற்று. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நீண்ட நிறுவலை எழுதிக்கொண்டிருந்தபோது தலை கிறுகிறுத்து, பலகை ஒரு கணம் இரண்டாகத் தெரிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு நான் பார்த்த மருத்துவர், எதையும் கேட்பதற்கு முன்பே இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தத்தை அளந்தார். வலது கையில் 152/88. இடது கையில் 108/70. பிறகு இரண்டு மணிக்கட்டு நாடிகளையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இடது நாடி மெலிந்தும் ஒரு நூலளவு பிந்தியும் வருகிறது என்றார். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும், ரத்தக்குழாய்களைப் படம்பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமும் எடுத்தார்கள். இடது கைக்கு ரத்தம் கொண்டுபோகும் சப்கிளேவியன் தமனி, பெருந்தமனியிலிருந்து கிளம்பும் இடத்திற்கு அருகிலேயே 85 சதவீதம் சுருங்கியிருக்கிறது என்றும், அதிலிருந்து பிரிந்து கழுத்து வழியாக மூளைக்குப் போகும் இடது வெர்ட்டிப்ரல் தமனியில் ரத்தம் எதிர்த்திசையில் ஓடுகிறது என்றும் அறிக்கை சொல்கிறது. தொடை இடுக்கு வழியாக பலூன் செலுத்தி விரித்து, குழாயைத் திறந்தே வைத்திருக்கும் உலோக வலைக் குழலான ஸ்டென்ட் வைக்கலாம் என்கிறார் மருத்துவர். நான் இருபது ஆண்டுகள் புகைபிடித்தவன்; விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரை நோய் இல்லை, கொலஸ்ட்ரால் உண்டு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் வைத்தவர் ஒருவரையும் பார்த்ததில்லை. இது உண்மையிலேயே தேவையா, மாத்திரைகளோடு காலம் தள்ள முடியாதா என்பது என் முதல் கேள்வி. மூளைக்குப் போகும் குழாய்க்கு இவ்வளவு அருகில் கம்பியை நுழைத்தால் பக்கவாதம் வந்துவிடாதா என்பதுதான் உண்மையில் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. நாளெல்லாம் கையை உயர்த்தி எழுதுகிறவனுக்கு உள்ளே வைத்த உலோகம் வளைந்து உடையாதா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நீலத்திரை எழுதியது:

வணக்கம் ஐயா. ஆஞ்சியோ அறையில் தொழில்நுட்பராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும். அங்கே என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முழு மயக்கம் கொடுக்க மாட்டார்கள். தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சுமார் 2 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு குழலைத் தமனிக்குள் வைப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் செலுத்துவார்கள். அதன் வழியாகக் கதீட்டர் என்ற நீண்ட மெல்லிய குழாய் பெருந்தமனியில் ஏறி, மார்புக்குள் வளைவில் நின்று, சாய மருந்தைச் செலுத்தும். அந்த நேரத்தில் கையிலும் மார்பிலும் ஒரு வெதுவெதுப்புப் பரவும். பலர் அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், அதில் ஒன்றுமில்லை. பிறகு மிக மெல்லிய ஒரு வழிகாட்டிக் கம்பியைச் சுருக்கத்தின் ஊடாக நுழைப்பார்கள். முழு வேலையிலும் பொறுமை தேவைப்படுவது இங்கேதான். கம்பி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால், பலூனையும் ஸ்டென்டையும் அதன் மேலேயே ரயில் தண்டவாளத்தில் வண்டி போவதுபோல் கொண்டு போய்விடலாம். குழாய் முற்றிலும் மூடிக்கிடந்தால் பெருந்தமனிப் பக்கமிருந்து நுழைவது கடினம். அப்போது மணிக்கட்டு வழியாகவும் ஒரு கம்பியை அனுப்பி இரண்டு பக்கமிருந்தும் வழி தேடுவார்கள். உங்களுக்கு 85 சதவீதம் என்பதால் பாதை திறந்தேதான் இருக்கிறது. சுருங்கிய குழாய்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் முதல் முயற்சியிலேயே திறந்துவிடுவார்கள். முழுதாக அடைபட்டவற்றில்தான் அந்த விகிதம் குறைகிறது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பலூன் விரியும்போது தோளுக்குள் ஓர் இறுக்கம் தெரியும். அது கத்தியால் குத்தினாற்போல் கூர்மையாக வலித்தால் வாயைத் திறந்து உடனே சொல்லிவிடுங்கள். குழாய்ச் சுவர் தாங்கக்கூடிய அளவை மீறி விரிகிறது என்பதற்கு அந்த வலிதான் முதல் எச்சரிக்கை. உங்களை விழிப்போடு வைத்திருப்பதன் காரணங்களில் ஒன்று இதுவே. இடையிடையே உங்கள் பெயரைக் கேட்பார்கள், விரல்களை மடக்கச் சொல்வார்கள். பேச்சு குழறுகிறதா, கை கால் தளர்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அந்தக் கேள்விகள். நான் பார்த்த ஒரு பெரியவர், நான்காவது முறை பெயர் கேட்டபோது, எழுதி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கோபித்துக்கொண்டார்.

முன்கூட்டியே இரண்டு விஷயங்களைத் தெரிவித்துவிடுங்கள்: சாய மருந்தில் அயோடின் இருப்பதால் முன்பு எப்போதாவது அதற்கு ஒவ்வாமை ஏற்பட்டிருக்கிறதா என்பது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு என்ன என்பது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் சாயத்தின் அளவைக் குறைத்து, முன்னும் பின்னும் நீர்ச்சத்து ஏற்றுவார்கள்.

பழைய தையல் எழுதியது:

கரும்பலகை ஐயாவுக்கு, கையில் ஸ்டென்ட் வைத்த ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றால் இதோ நான் இருக்கிறேன். என் கதை சற்று வேறு. எனக்கு முன்பே இதய பைபாஸ் நடந்திருந்தது. மார்பின் உட்புறத்தில் இறங்கும் இடது தமனியை எடுத்து இதயத்தில் இணைத்திருந்தார்கள். அந்தத் தமனி கிளம்புவதே இடது சப்கிளேவியனிலிருந்துதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஏழு ஆண்டுகள் நன்றாக இருந்துவிட்டு, பிறகு ஒரு விசித்திரமான நெஞ்சுவலி வந்தது. மாடிப்படி ஏறினால் வலிக்காது. இடது கையால் மாவு பிசைந்தால், துணி பிழிந்தால் வலிக்கும். ஓட்டப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, கால்தானே ஓடியது! கடைசியில் ஒரு செவிலியர் தற்செயலாக இரண்டு கைகளிலும் அழுத்தம் பார்த்ததில் 40 புள்ளி வித்தியாசம் தெரிந்து, உண்மை வெளிவந்தது. சப்கிளேவியன் சுருங்கியதால், கை வேலை செய்யும்போது இதயத்துக்குப் போக வேண்டிய ரத்தம் கைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஸ்டென்ட் வைத்த அன்று மாலையே கை சூடானதை உணர்ந்தேன். எத்தனையோ காலமாக இடது உள்ளங்கை சில்லென்று இருந்திருக்கிறது என்பதே அப்போதுதான் உறைத்தது. ஆனால் எல்லாம் சுபம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்டென்டுக்குள்ளேயே திசு வளர்ந்து மறுபடி சுருங்கியது. மறுபடி பலூன் மட்டும் வைத்து விரித்தார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை தொந்தரவு இல்லை. இது ஒருமுறை செய்து மறந்துவிடும் வேலை அல்ல என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

தமனியைச் சுருக்கும் கொழுப்புப் படிவை மாத்திரையாலும் கஷாயத்தாலும் கரைக்கலாம் என்று காணொளிகளில் சொல்லக் கேட்டு நானும் ஆறு மாதங்களை வீணடித்தேன். அந்தப் படிவு கால்சியம் ஏறிக் கெட்டிப்பட்ட பிறகு எந்தக் கஷாயத்துக்கும் கரையாது.

நாடி எழுதியது:

நான் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர். நேரில் பார்க்காமல் உங்களுக்கு இதைச் செய்யுங்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மருத்துவரிடம் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலாவதாக, 85 என்ற எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த எண்ணை வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம். கைக்கு ரத்தம் போகக் கிளை வழிகள் தோளைச் சுற்றி ஏராளமாக இருக்கின்றன. அதனால்தான் இதயத்திலோ காலிலோ இதே அளவு சுருக்கம் செய்யும் நாசத்தைக் கை பெரும்பாலும் சந்திப்பதில்லை. 85 சதவீதச் சுருக்கத்தோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல், தற்செயலாக எடுத்த ஸ்கேனில் மட்டும் தெரியவந்தவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கு ஸ்டென்ட் வைப்பதில்லை. ஆஸ்பிரின், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின், புகையிலையை அறவே விடுதல், அழுத்தக் கட்டுப்பாடு, இவ்வளவுதான். தொந்தரவே இல்லாவிட்டாலும் சிகிச்சையை யோசிக்கும் சந்தர்ப்பங்கள் மிகச் சில: மேலே நண்பர் சொன்ன வகை பைபாஸ் நடந்திருப்பது அல்லது நடக்கவிருப்பது, அந்தக் கையில் டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த ஃபிஸ்டுலா இருப்பது, இரண்டு கைகளிலும் சுருக்கம் இருந்து அழுத்தத்தை நம்பகமாக அளக்கவே முடியாமல் போவது.

உங்கள் நிலை அப்படியல்ல. கையை உயர்த்தி உழைக்கும்போது கைத் தசைகள் அதிக ரத்தம் கேட்கின்றன. நேர்வழி சுருங்கியிருப்பதால், வலது வெர்ட்டிப்ரல் தமனி வழியாக மூளையின் அடிப்பகுதிக்கு ஏறிய ரத்தத்தில் ஒரு பங்கு இடது வெர்ட்டிப்ரல் வழியாகத் தலைகீழாக இறங்கிக் கைக்குப் போகிறது. மூளையிடமிருந்து கை திருடுகிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். 1961 முதல் இதற்குத் திருட்டு என்ற பெயரே நிலைத்துவிட்டது. தலைச்சுற்றலும் பொருள் இரண்டாகத் தெரிவதும் எழுதும் வேலையோடு சேர்ந்து வருவதால், உங்கள் மருத்துவர் திறக்கலாம் என்று சொல்வதில் காரணம் இருக்கிறது. டாப்ளரில் ரத்தம் திசை மாறியிருப்பது மட்டுமே தெரிந்து, தொந்தரவு எதுவும் இல்லாதிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பக்கவாத அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த ஆபத்து சிறியது. அதற்கு ஓர் அழகான காரணம் உண்டு. உங்களை வாட்டுகிற அந்தத் தலைகீழ் ஓட்டம், சிகிச்சையின்போது உங்களைக் காக்கிறது. பலூன் விரிந்து குழாய் திறந்த நொடியிலேயே வெர்ட்டிப்ரல் ஓட்டம் மேல்நோக்கித் திரும்பிவிடுவதில்லை. சில நொடிகளிலிருந்து சில நிமிடங்கள் வரை கீழ்நோக்கியே ஓடிப் பிறகுதான் திரும்புகிறது. அதற்குள் உதிரும் துகள்கள் மூளைக்கு ஏறாமல் கைப்பக்கம் அடித்துச் செல்லப்படுகின்றன. கையில் அவை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆபத்து பூஜ்யம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; கதீட்டர் பெருந்தமனி வளைவில் உலவும்போதும் துகள் உதிரலாம். அதனால்தான் அங்கே கம்பியை எவ்வளவு குறைவாகத் துழாவுகிறார்களோ அவ்வளவு நல்லது.

உலோகம் உடையுமா என்ற கேள்விக்கு, எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பதில். உங்களுடைய சுருக்கம் மார்புக்கூட்டுக்குள், தமனி கிளம்பும் இடத்தில் இருக்கிறது. நீங்கள் கையை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த இடம் அசைவதில்லை. அங்கே பலூனால் விரியும் கெட்டியான ஸ்டென்டை, சரியான இடத்தில் ஊன்றும் பொருட்டு வைப்பார்கள். தமனி முதல் விலா எலும்பைத் தாண்டி, காரை எலும்புக்குக் கீழே அக்குளை நோக்கிப் போகும் பகுதியில் நிலைமை வேறு. கையை உயர்த்தும்போதெல்லாம் இரண்டு எலும்புகளுக்கு இடையில் ஸ்டென்ட் நசுங்கும். எலும்பு நெருக்குவதால் தமனி சுருங்கியவர்களுக்கு, எலும்பின் நெருக்கலை அகற்றாமல் உள்ளே ஸ்டென்டை மட்டும் வைப்பது தவறு. அது உடையும், அடைபடும். அவர்களுக்கு முதல் விலாவை அகற்றும் அறுவையே முதல் வேலை.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய நேரடியான கேள்வி ஒன்று: சுருக்கத்துக்கும் வெர்ட்டிப்ரல் தமனியின் வாய்க்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது, ஸ்டென்ட் அந்த வாயை மூடாமல் வைக்க இடம் இருக்கிறதா? இடம் இல்லை என்றால் கழுத்தில் சிறு வெட்டுப் போட்டு, சப்கிளேவியனை அருகிலுள்ள, கழுத்தில் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியோடு இணைக்கும் அறுவையைப் பற்றிப் பேசலாம். அது பலூனை விடப் பெரிய வேலை, முழு மயக்கம் வேண்டும். ஆனால் நெடுங்காலம் திறந்திருக்கும். அறுவை மருத்துவனாகிய நானே, இடம் இருக்கும்போது முதலில் ஸ்டென்டைத்தான் பரிந்துரைக்கிறேன்.

கடைசியாக, உங்கள் ரத்த அழுத்த மாத்திரைகளை யார், எந்தக் கையைப் பார்த்து முடிவு செய்தார்கள்?

கரும்பலகை எழுதியது:

ஐயா, உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டுப் பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். வழக்கமாகப் போகும் சிகிச்சையகத்தில் நாற்காலிக்கு இடப்பக்கத்தில் மேசை இருக்கிறது; அதனால் எப்போதும் இடது கையைத்தான் நீட்டியிருக்கிறேன். 112, 110, 106 என்று வரிசையாக எழுதியிருக்கிறது. நன்றாகக் கட்டுப்பட்டுவிட்டது என்று சொல்லி, சென்ற ஆண்டு இரண்டு மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தியே விட்டார்கள். அந்த ஓராண்டு முழுவதும் என் தலைக்கும் இதயத்துக்கும் 150க்கு மேல் போய்க்கொண்டிருந்திருக்கிறது என்று நினைத்தால் கை நடுங்குகிறது.

நாடி எழுதியது:

இது அடிக்கடி நடப்பதுதான். சுருங்கிய கையில் தெரிவது, சுருக்கத்தைத் தாண்டி வரும் மிச்ச அழுத்தம். உடலின் உண்மையான அழுத்தம் அதிகமாகக் காட்டும் கையில்தான் இருக்கிறது. இனி வலது கையில் மட்டும் அளந்து மருந்தை முடிவு செய்யச் சொல்லுங்கள். நிறுத்திய மாத்திரையைப் பற்றி நாளைக்கே பேசுங்கள். ஸ்டென்டுக்குக் காத்திருக்கலாம், இதற்குக் காத்திருக்க வேண்டாம்.

ஊசிநூல் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். என் தங்கைக்கு வயது 27. இரண்டு கைகளிலும் நாடியே கிடைக்கவில்லை. டாகாயாசு என்ற தமனி அழற்சி என்கிறார்கள். அவளுக்கும் இதே போல் உடனே ஸ்டென்ட் வைத்துவிட முடியாதா?

நாடி எழுதியது:

முடியும் என்றாலும் உடனே கூடாது, அம்மா. கொழுப்புப் படிவால் வரும் சுருக்கம் வேறு. இது தமனிச் சுவரே அழற்சியால் தடிப்பது. அழற்சி கனன்றுகொண்டிருக்கும்போது பலூன் வைத்தால், திறந்த குழாய் விரைவில் மறுபடி மூடிக்கொள்ளும். ஸ்டீராய்டும் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளும் கொடுத்து, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் இறங்கி, ஸ்கேனிலும் அழற்சி அடங்கியது உறுதியான பிறகே குழாயைத் தொட வேண்டும். இளம் வயதில் கிளை வழிகள் நன்றாக வளர்வதால், கைகளைத் தொடாமலேயே விட்டுவிடும் நோயாளிகளும் உண்டு. இரண்டு கைகளிலும் நாடி இல்லாததால் அவரது ரத்த அழுத்தத்தைக் காலில் அளக்க வேண்டும்; கால் தமனிக்குப் போகும் வழியில் சுருக்கம் இல்லை என்பதை ஸ்கேனில் பார்த்துக்கொண்டு அளக்கட்டும். மூட்டு அழற்சி மருத்துவர் ஒருவரின் கண்காணிப்பு அவசியம்.

கரும்பலகை எழுதியது (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):

நண்பர்களுக்கு நன்றி கலந்த வணக்கம். வெர்ட்டிப்ரல் வாய்க்கு முன்பு போதிய இடம் இருந்ததால், தொடை வழியாக ஒரே ஸ்டென்ட் வைத்தார்கள். பலூன் விரிந்தபோது தோளில் ஓர் அழுத்தம்; நீலத்திரை சொன்ன கூர்மையான வலி வரவில்லை. என் பெயரையும் ஐந்து முறை கேட்டார்கள். தொடை இடுக்கை நெடுநேரம் அழுத்திப் பிடித்துவிட்டு, ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுக்கவைத்தார்கள். முழு அனுபவத்திலும் கடினமாக இருந்தது முதுகுவலியோடு அப்படிப் படுத்திருந்ததுதான். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். நிறுத்திய மாத்திரை மறுபடி தொடங்கியிருக்கிறது; ஸ்டென்டில் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரலும் சில மாதங்களுக்கு உண்டு. இன்று காலை வலது கையில் 134, இடது கையில் 131. நேற்று வகுப்பில் பலகையின் உச்சியிலிருந்து தொடங்கி ஒரு நிறுவலைக் கடைசி வரி வரை நிற்காமல் எழுதினேன். பிள்ளைகளுக்கு அதில் ஒரு விசேஷமும் தெரிந்திருக்காது.

ஒரே ஒரு சந்தேகம். ஊசி போட்ட இடத்தில் வந்த கருநீலக் கன்றல் கீழே தொடைப் பக்கமாக இறங்கி மஞ்சளாக மாறியிருக்கிறது. பரவுகிறதோ என்று பயமாக இருக்கிறது.

நீலத்திரை எழுதியது:

மகிழ்ச்சி ஐயா. கட்டிய ரத்தம் தன் கனத்தால் கீழே இறங்குவதும், பச்சையாகி மஞ்சளாகி மறைவதும் இயல்புதான். இரண்டு மாத்திரைகள் எடுப்பவர்களுக்குச் சற்று மெதுவாக மறையும். நிறத்தைப் பார்க்காதீர்கள், விரலால் தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் கட்டிபோல் ஏதாவது தட்டுப்பட்டு, அது நாடியைப் போலத் துடித்தாலோ, நாளுக்கு நாள் பெருத்தாலோ, தமனியின் துளை சரியாக மூடவில்லை என்று பொருள். அன்றே போய் டாப்ளர் எடுத்துவிட வேண்டும். கன்றலுக்குப் பயந்து குளோபிடோக்ரலை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பழைய தையல் எழுதியது:

ஐயா, இந்த 134, 131 இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை இரண்டு கைகளிலும் அளந்து அதன் கீழேயே எழுதிவாருங்கள். எனக்கு ஸ்டென்டுக்குள் மறுபடி சுருங்கியபோது கை கனப்பதற்கு முன்பே அந்த நோட்டில்தான் தெரிந்தது: 4, 5 என்று இருந்த வித்தியாசம் 12 ஆயிற்று, பிறகு 21 ஆயிற்று. டாப்ளர் எடுக்கச் சொல்லி நானே போய்க் கேட்டேன்.